முட்டி வலியும் சுகரும் இருக்கிற அம்மாவை வெனிஸ் கூட்டிட்டுப் போகலாமா?

மியூனிக்ல வேலை பார்க்கிற ஒரு வாசகர் ரொம்ப விவரமா எழுதியிருக்கார், அடையாளம் தெரியாத மாதிரி சுருக்கிச் சொல்றேன். அவரோட அப்பா அம்மா செப்டம்பர்ல விசிட்டர் விசாவுல அவர்கிட்ட வர்றாங்க, ரெண்டரை மாசம் இருப்பாங்க. அம்மாவுக்கு 66 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம், வலது பக்கம் அதிகம், ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு டாக்டர் சொல்லியும் அம்மா தள்ளிப் போட்டுட்டே வர்றாங்க. சுகர் 14 வருஷமா இருக்கு. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ராத்திரி படுக்கப் போறப்ப இன்சுலின், பிரஷருக்கு டெல்மிசார்டான். அப்பாவுக்கு 71, அவருக்கு ஒண்ணும் இல்ல, "எங்களை எல்லாம் விட வேகமா நடப்பார்"னு எழுதியிருக்கார்.

அம்மாவுக்குப் பல வருஷமா வெனிஸ் பார்க்கணும்னு ஆசை. அதனால அக்டோபர் கடைசி வாரத்துல ரெண்டு ராத்திரி மூணு நாள்னு பிளான் போட்டு, கன்னரேஜியோ ஏரியாவுல ஒரு அபார்ட்மென்ட் புக் பண்ணிட்டார், மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, ஆனா ஃப்ரீ கேன்சலேஷன் இருக்கு. லிஸ்ட்ல சான் மார்க்கோ சதுக்கம், டோஜே அரண்மனை (வெனிஸை ஆண்டவங்களோட பழைய மாளிகை), ரியால்ட்டோ பாலம், முரானோ, புரானோ தீவுகள், கோண்டோலா படகு சவாரி எல்லாம் இருக்கு. சென்னையில இருக்கிற அக்கா "அம்மாவை வெச்சுட்டு இதெல்லாம் வேணாம், கால்வாய்தான் பார்க்கணும்னா ஆம்ஸ்டர்டாம் போங்க, அங்க எல்லாம் சமதளம்"னு சண்டை போடுறாங்களாம். அவரோட கேள்விகள்: போகலாமா வேணாமா, படகுல சுத்துற ஊருங்கிறதால நடை கம்மியாத்தானே இருக்கும், காலையில ஒரு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டுட்டா சமாளிக்கலாமா, வீல்சேர் அவசியமா (அம்மா அதுல உட்கார ஒத்துக்கவே மாட்டாங்களாம்), விசாவுக்கு எடுத்த இன்சூரன்ஸ் போதுமா, ஊருக்குள்ள நுழையவே பணம் கட்டணுமாமே.

தம்பி, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். முதல்ல பதிலைச் சொல்லிடுறேன், அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா இப்ப கையில இருக்கிற பிளானோட போகாதீங்க. அது 35 வயசுக்காரங்களுக்குப் போட்ட பிளான். அதுல பாதியை வெட்டிட்டா மீதி பாதியை அம்மா நல்லாவே அனுபவிப்பாங்க, வெட்டலைன்னா முதல் நாள் சாயங்காலமே முட்டி வீங்கி அடுத்த ரெண்டு நாளும் ரூம்லயே கிடப்பாங்க, அதுவும் "எனக்கு ஒண்ணுமில்லப்பா, நீங்க போய்ட்டு வாங்க"ன்னு சொல்லிக்கிட்டே கிடப்பாங்க. இந்த வார்த்தையைச் சொல்ற அம்மாக்களை நான் தினமும் என் ஓபியில பார்க்கிறேன்.

இன்னொண்ணு எனக்கு உறுத்துச்சு. நீங்க என்ன நினைக்கிறீங்க, அக்கா என்ன நினைக்கிறாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க, அம்மா என்ன சொன்னாங்கன்னு வீல்சேர் விஷயத்தைத் தவிர ஒரு வரி கூட இல்ல. வெனிஸ்ல அவங்க எதைப் பார்க்க ஆசைப்படுறாங்கன்னு கேட்டீங்களா? கால்வாயில படகுல போகணும், அவ்வளவுதான்னு அவங்க சொன்னா உங்க லிஸ்ட்ல முக்கால்வாசி தேவையே இல்ல. முதல் வேலையா போன் போட்டு அதைக் கேளுங்க, அக்காவையும் லைன்ல வெச்சுக்கிட்டே கேளுங்க.

வெனிஸ்ல நடை கம்மின்னு நினைக்கிறது தப்பு

இது உங்க கடிதத்துல இருக்கிற பெரிய தப்புக் கணக்கு, உங்களை மாதிரி நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. வெனிஸ்ல ஊருக்குள்ள காரும் கிடையாது, ஆட்டோ டாக்ஸி மாதிரி வாசல்ல வந்து நிக்கிற எதுவும் கிடையாது, சைக்கிள் கூட ஓட்டக் கூடாது. நூத்துக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகளை 400க்கும் மேல பாலம் போட்டு இணைச்சிருக்காங்க, அந்தப் பாலம் எல்லாம் நம்ம ஊர் வாய்க்கால் பாலம் மாதிரி தட்டையா இருக்காது, படகு அடியில போகணுமேன்னு நடுவுல உயர்த்திக் கட்டினது, அதனால இந்தப் பக்கம் படி ஏறி அந்தப் பக்கம் படி இறங்கணும். ஒரு பாலம்னா ஒண்ணும் தெரியாது. சந்துக்கு ஒண்ணு வர்றப்பதான் தெரியும்.

படிக்கல்லோட விளிம்புல வெள்ளைக் கல் பதிச்சிருப்பாங்க, பல வருஷமா ஆளுங்க மிதிச்சு மிதிச்சு அது வழவழன்னு ஆகியிருக்கும், தூறல் போட்டா வழுக்கும். முட்டித் தேய்மானம் இருக்கிறவங்களுக்கு ஏறுறதை விட இறங்குறதுதான் கஷ்டம், படி இறங்குறப்ப உடம்பு எடையில மூணு மடங்குக்கும் மேல முட்டி மேல விழும். ரியால்ட்டோ பாலத்தை அம்மா நடந்து கடக்கணும்னு அவசியமே இல்ல. 1591ல கட்டி முடிச்ச கல் பாலம் அது, அதோட அழகு கீழ படகுல இருந்து பார்த்தாத்தான் முழுசாத் தெரியும், மேல ஏறினா ரெண்டு பக்கமும் கடைங்களும் கூட்டமும்தான்.

அப்போ அக்கா சொல்ற ஆம்ஸ்டர்டாம்? முட்டியை மட்டும் வெச்சுப் பார்த்தா அவங்க சொல்றது சரிதான், மறுக்க மாட்டேன். சமதளம், டிராம் இருக்கு, கண்ணாடிக் கூரை போட்ட படகுல ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடியே கால்வாய் பூரா பார்க்கலாம். ஆனா அங்கேயும் பழைய வீடுகள்ல இருக்கிற ஓட்டல்கள்ல படி ஏணி மாதிரி செங்குத்தா இருக்கும், ரோட்டுல சைக்கிள்காரங்க வர்ற வேகத்துக்கு மெதுவா நடக்கிற பெரியவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். அம்மா இத்தனை வருஷமா கேட்டது வெனிஸ். வெனிஸை முட்டிக்குத் தகுந்த மாதிரி மாத்திக்க வழி இருக்கிறப்ப ஊரை மாத்த வேணாங்கிறது என் அபிப்ராயம். கேட்டுப் பார்த்துட்டு அம்மாவே ஆம்ஸ்டர்டாம்னா சரி, அங்கேயே போங்க.

ரூமை மாத்துங்க, மத்ததெல்லாம் அதுக்கப்புறம்

மூணாவது மாடி, லிஃப்ட் இல்லாத வீடு வேணவே வேணாம் தம்பி, இன்னைக்கே கேன்சல் பண்ணுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை இறங்கி ஏறினாலே அந்தப் படிக்கட்டுலயே அம்மாவோட நாள் முடிஞ்சுடும். மதியம் வந்து ரெண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்கணும், அதுக்கு ரூமுக்கு வந்து போறது சுலபமா இருக்கணும், அதனாலதான் இதுல இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

மெஸ்த்ரேல தங்குனா சீப்னும் எழுதியிருக்கீங்க. தரைப்பகுதி, ரயில்ல பத்து நிமிஷம், லிஃப்ட் இருக்கிற புது ஓட்டல்கள் நிறைய, எல்லாம் உண்மை. ஆனா மதியம் ரெஸ்ட் எடுக்க அங்க போய்ட்டுத் திரும்ப வர முடியாது, போனா அதோட அன்னைக்கு அவ்வளவுதான். நான் சொல்றது சாந்தா லூச்சியா ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துலயே, ஸ்டேஷனை விட்டு வெளிய வந்து இடது பக்கம் போற லிஸ்தா தி ஸ்பான்யா தெருவுல, லிஃப்ட் இருக்கிற ஓட்டல். ஸ்டேஷன்ல இருந்து அங்க போக ஒரு பாலம் கூட ஏற வேணாம், சான் ஜெரேமியா சதுக்கம் வரைக்கும் சமதளம்தான். ஸ்டேஷன் வாசல்லயே ஃபெரோவியா படகு நிறுத்தம். மியூனிக்ல இருந்து பிரென்னர் மலைக் கணவாய் வழியா நேரா வர்ற ரயில் அங்கதான் வந்து நிக்கும், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், நீங்க ஃப்ளைட்டை விட்டுட்டு ரயிலைப் பிடிச்சது நல்ல முடிவு. வழியில மணிக்கு ஒரு தடவை அம்மாவை எழுப்பி பெட்டிக்குள்ள ரெண்டு நடை நடக்க விடுங்க. பாஸ்போர்ட்டைக் கையிலேயே வெச்சிருக்கணும், ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசா இத்தாலிக்கும் செல்லும், ஆனா வழியில செக்கிங் வரும்.

புக் பண்றதுக்கு முன்னாடி ஓட்டலுக்கு மெயில் போட்டு மூணு விஷயம் கேட்டு வாங்குங்க. லிஃப்ட் ரூம் இருக்கிற மாடி வரைக்கும் வருதா (சில பழைய கட்டடத்துல முதல் மாடியில இருந்துதான் லிஃப்ட்டே ஆரம்பிக்கும்), வாசல்ல எத்தனை படி, பாத்ரூம்ல பாத்டப்பா ஷவரா. பாத்டப் விளிம்பைத் தாண்டிக் காலை வெக்கிறப்ப வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு வர்றவங்க எனக்குப் புதுசில்ல.

மூணு நாளை இப்படிப் பிரிங்க

வந்து சேர்ற நாள் வேற எதுவும் வேணாம். ஃபெரோவியாவுல லைன் 1 வாப்போரெட்டோ (பஸ் மாதிரி ஓடுற பொதுப் படகு) ஏறி கிராண்ட் கெனால்ங்கிற பெரிய கால்வாய் முழுக்க சான் மார்க்கோ வரைக்கும் போய்ட்டு வாங்க, ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஒரு பாலமும் ஏற வேணாம், ரெண்டு கரையிலும் இருக்கிற அரண்மனைங்க எல்லாம் உட்கார்ந்த இடத்துலயே தெரியும். அம்மாவோட ஆசையில பெரும்பகுதி இதுலயே நிறைவேறிடும்னு எனக்குத் தோணுது. ஒரு தடவை ஏற 9.50 யூரோ, 75 நிமிஷம்தான் செல்லும், 72 மணி நேரப் பாஸ் 45 யூரோ, பாஸே எடுத்துடுங்க. பாஸ் கையில இருந்தா ஒரே ஒரு நிறுத்தம் தூரம்னாலும் "நடந்துடலாமே"ன்னு யோசிக்காம படகுல ஏறுவீங்க, அதுதான் நமக்கு வேணும்.

படகு ஏறுறதை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன், அதைச் சொல்லிடுறேன். நிறுத்தங்கிறது தண்ணியில மிதக்கிற ஒரு மேடை. படகு வந்து மோதும், ஊழியர் கயித்தைத் தூணுல சுத்தி இறுக்குவார், கம்பிக் கதவு திறக்கும், முதல்ல இறங்குறவங்க, அப்புறம் ஏறுறவங்க. மேடை ஒரு பக்கம் ஆடும், படகு ஒரு பக்கம் ஆடும், நடுவுல ஒரு சின்ன இடைவெளி. நீங்க முதல்ல ஏறித் திரும்பி நின்னு கை கொடுங்க, அப்பா பின்னாடி நிக்கட்டும், அம்மா கீழ பார்த்து நிதானமா காலை வெக்கட்டும். ஏறினதும் சீட்டுல உட்காரணும், வேடிக்கை பார்க்க நின்னா அடுத்த நிறுத்தத்துல படகு மோதுறப்ப தடுமாறுவாங்க. கூட்டமா இருந்தா அந்தப் படகை விட்டுடுங்க, அடுத்தது சீக்கிரமே வந்துடும்.

ரெண்டாம் நாள் காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி சான் மார்க்கோ. இங்க ஒரு சின்ன நுணுக்கம் இருக்கு. நிறைய பேர் சான் சக்காரியா நிறுத்தத்துல இறங்குவாங்க, அங்க இருந்து சதுக்கத்துக்கு வர பாலம் ஏறணும், அதுவும் பெருமூச்சுப் பாலத்தைப் போட்டோ எடுக்கிற கூட்டம் நெருக்கியடிச்சு நிக்கிற பாலம். அதுக்கு முந்தின நிறுத்தமான சான் மார்க்கோ வல்லாரெஸ்ஸோல இறங்கினா பாலமே இல்லாம நேரா சதுக்கத்துக்கு வந்துடலாம். சதுக்கத்துல இருக்கிற பசிலிக்கா சர்ச்சுக்கு ஆன்லைன்ல நேரம் குறிச்சு டிக்கெட் எடுத்துடுங்க, அம்மா கியூவுல நிக்கக் கூடாது. உள்ள தரை மொசைக், பார்க்க அவ்வளவு அழகு, ஆனா அலை அலையா மேடு பள்ளமா இருக்கும், கையைப் பிடிச்சுக்குங்க. மாடியில இருக்கிற பால்கனி வேணாம், படி செங்குத்து. கிட்டத்தட்ட 98 மீட்டர் உயர மணிக்கூண்டுக்கு லிஃப்ட் இருக்கு, அதனால அம்மாவை மேல கூட்டிட்டுப் போய் ஊரையே காட்டலாம். டோஜே அரண்மனையை நான் வெட்டிடுவேன், உள்ள படியும் நடையும் அதிகம், அப்பாவுக்கு ஆசைன்னா நீங்க ரெண்டு பேரும் போங்க, அம்மா ஒரு கஃபேல உட்காரட்டும். உட்கார்ந்து குடிச்சா விலை ஜாஸ்தி, அந்தக் காசை அம்மாவோட முட்டிக்குன்னு நினைச்சுக் கொடுத்துடுங்க. தெருவுல பெஞ்ச் ரொம்பக் கம்மி, சான் மார்க்கோல படியிலயோ தரையிலயோ உட்கார்ந்தா ஃபைன் போடுவாங்க.

மூணாம் நாள் கிளம்புறதுக்கு முன்னாடி முரானோ, புரானோ ரெண்டும் முடியாது, ஒண்ணுதான். ரிட்டர்ன் ரயில் நேரத்தைப் பொறுத்து அதுவும் முடியலாம், முடியாமலும் போகலாம், முடியலைன்னா கவலையே படாதீங்க. முடிஞ்சா புரானோ போங்க, கலர் கலரா வீடு, லேஸ் பின்னுற கடைங்க, அம்மாக்களுக்குப் பிடிக்கும்.

கோண்டோலா பத்தி: பகல்ல 30 நிமிஷம் 90 யூரோன்னு நகராட்சி விலை வெச்சிருக்கு, ஆளுக்கு இல்ல, படகுக்கு. முட்டிக்குச் சிக்கல் ஏறுறதுல இல்ல, இறங்குறதுல, அவ்வளவு தாழ்வான சீட்டுல இருந்து எழுந்திருக்கணுமே. அம்மாவால வீட்டுல தாழ்வான சோபால இருந்து கையை ஊணாம எழ முடியுதான்னு பாருங்க. முடியலைன்னா லைன் 1 படகே போதும்.

முட்டிக்கு மாத்திரை, குச்சி, வீல்சேர்

டைக்ளோஃபெனாக் மாத்திரை வேணாம். சுகர் 14 வருஷம், கூடவே டெல்மிசார்டான் போடுறவங்க, இவங்களுக்கு அந்த வகை வலி மாத்திரை கிட்னிக்கு ஆபத்து, பிரஷரையும் ஏத்தும். அதுவும் பாத்ரூம் தேடி அலையணுமேன்னு பயந்து வெளியூர்ல பெண்கள் தண்ணியே குடிக்க மாட்டாங்க, உடம்புல தண்ணி குறைஞ்ச நேரத்துல இந்த மாத்திரையும் சேர்ந்தா கிட்னி சட்டுன்னு அடி வாங்கும். வலிக்கு பாராசிட்டமால் 650, கிளம்புறதுக்கு அரை மணி முன்னாடி ஒண்ணு, ஒரு நாளைக்கு நாலு தாண்டக் கூடாது. மேல தடவுற டைக்ளோஃபெனாக் ஜெல் தடவலாம். ட்ரிப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி முட்டியில ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, சில நாளைக்கு சுகர் தாறுமாறா ஏறும்.

பொதுக் கழிப்பறைக்கு அங்க காசு, ஒன்றரை யூரோ மாதிரி ஆகும், சில்லறை தயாரா வெச்சுட்டு அம்மாகிட்ட தைரியமா தண்ணி குடிக்கச் சொல்லுங்க. குழாய்த் தண்ணி குடிக்கிற தண்ணிதான், தெருவுல இருக்கிற குழாய்லயே பாட்டில் நிரப்பிக்கலாம்.

இப்ப இருந்து ட்ரிப்புக்கு ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கு, இதை வீணாக்காதீங்க. நாற்காலியில உட்கார்ந்து காலை நீட்டி அஞ்சு எண்ணி இறக்குறது, கையை ஊணாம நாற்காலியில இருந்து எழுந்து உட்கார்றது, ரெண்டையும் தினமும் ரெண்டு வேளை ஊர்லயே ஆரம்பிக்கட்டும், ஒரு பிசியோகிட்ட ஒரு தடவை காட்டிச் சரியா செய்றாங்களான்னு பார்த்துக்குங்க. தொடைத் தசை பலமானா முட்டி மேல விழுற பாரம் குறையும், இதை எந்த மாத்திரையும் செய்யாது.

குச்சி கட்டாயம். வலது முட்டி மோசம்னா குச்சி இடது கையில பிடிக்கணும், நிறைய பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறாங்க. படி ஏறுறப்ப நல்ல கால் முதல்ல, இறங்குறப்ப வலிக்கிற காலும் குச்சியும் முதல்ல. மியூனிக்லயே மெட்ரோ ஸ்டேஷன் படியில பழக்கிக் காட்டுங்க.

வீல்சேர் விஷயத்துல அம்மாவைக் கட்டாயப்படுத்தாதீங்க, வெனிஸ் பாலங்கள்ல அது பெருசா உதவவும் உதவாது. ஆனா சென்னையில இருந்து வர்ற ஃப்ளைட்டுக்கும் மியூனிக் ஏர்போர்ட்டுக்கும் வீல்சேர் கேளுங்க. ஐரோப்பிய ஏர்போர்ட்ல நடக்க சிரமப்படுறவங்களுக்கு உதவி செய்றது சட்டப்படி அவங்க கடமை, காசு வாங்கக் கூடாது, 48 மணி நேரம் முன்னாடி ஏர்லைன்கிட்ட சொல்லிடணும். ரயில்ல ஏத்தி இறக்கி விடுறதுக்கும் இதே மாதிரி உதவி உண்டு, அதுக்கும் ரெண்டு மூணு நாள் முன்னாடியே பதிவு பண்ணுங்க. "உங்களால நடக்க முடியாதுன்னு இல்லம்மா, நடக்கிற தெம்பை வெனிஸுக்கு மிச்சம் வெச்சுக்கலாம்"னு சொல்லிப் பாருங்க, என்கிட்ட வர்றவங்க பல பேர் இப்படிச் சொன்னா ஒத்துக்கிறாங்க.

எனக்குப் பயம் முட்டியை விட பாதம்தான்

உங்க கடிதத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "அம்மாவுக்கு சில சமயம் செருப்பு கழண்டதே தெரியாது, நாங்க சிரிப்போம்"னு. தம்பி, அது சுகர்னால நரம்பு பாதிச்சு பாதத்துல உணர்ச்சி குறைஞ்சதோட அறிகுறியா இருக்கலாம். நாள் பூரா கல் தரையில நடக்கிறப்ப ஷூ கடிச்சு கொப்புளம் வந்தாலும் அவங்களுக்கு வலிக்காது, வலிக்காததால சொல்ல மாட்டாங்க, அது புண்ணாகி ஆறாம வர்றதைத்தான் நாங்க ரொம்பப் பயப்படுறோம். ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க சுகர் டாக்டர்கிட்ட பாத உணர்ச்சி டெஸ்ட், எச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி), கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) மூணும் பார்த்துடணும்.

செருப்போட போகவே கூடாது. மூடின, முன்பக்கம் அகலமான, வழுக்காத ஷூ, உள்ள காட்டன் சாக்ஸ், இப்பவே வாங்கி ஊர்லயே ஒரு மாசம் போட்டுப் பழகணும். புடவைதான் கட்டுவேன்னா கட்டட்டும், ஒரு ரெண்டு விரல்கடை தூக்கிக் கட்டச் சொல்லுங்க, படகு ஏறுறப்ப கொசுவம் காலுல மாட்டும். ராத்திரி ரூமுக்கு வந்ததும் அம்மாவை உட்கார வெச்சு ரெண்டு பாதத்தையும் நீங்களே போன் டார்ச் அடிச்சுப் பாருங்க, விரல் இடுக்கு, குதிகால் எல்லாம், சிவப்போ கொப்புளமோ தெரிஞ்சா மறுநாள் நடை கிடையாது.

அக்டோபர் கடைசிங்கிறதால வெள்ளம் பத்தியும் சொல்லணும். இலையுதிர் காலத்துலயும் குளிர் காலத்துலயும் கடல் ஏத்தம் வரும், 2019 நவம்பர்ல 187 சென்டிமீட்டர் வரைக்கும் ஏறிச்சு. 2020 அக்டோபர்ல இருந்து மோசேங்கிற கடல் தடுப்புக் கதவுகள் வேலை செய்யுது, 110 சென்டிமீட்டர் வரும்னு கணிச்சா தூக்குவாங்க, அதனால பழைய மாதிரி ஊர் மூழ்காது. ஆனா சான் மார்க்கோ சதுக்கம் ரொம்பத் தாழ்வு, அதுக்குக் கீழ் அளவுலயும் அங்க தண்ணி தேங்க வாய்ப்பு இருக்கு. அந்த நேரத்துல அம்மாவை அந்தத் தண்ணியில இறக்காதீங்க, கால்ல என்ன குத்துச்சுன்னே தெரியாது. சில மணி நேரத்துல வடிஞ்சுடும், காத்திருங்க.

சாப்பாடும் சுகர் இறங்குறதும்

வழக்கத்தை விட அதிகமா நடக்கிற நாள்ல கிளிமிபிரைடு சுகரை ரொம்ப இறக்கிடும். அங்க நிறைய ஓட்டல் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் டின்னருக்குத் திறக்கும், ஆர்டர் பண்ணி வர்றதுக்கு இன்னும் நேரம், அந்தக் காத்திருக்கிற நேரம்தான் ஆபத்து. திடீர் வேர்வை, கை நடுக்கம், காரணமில்லாம எரிச்சல், பேச்சு குழறல் இருந்தா டெஸ்ட் பண்ண நேரமில்லன்னாலும் உடனே மூணு ஸ்பூன் சர்க்கரை இல்ல ஒரு சின்ன ஜூஸ், 15 நிமிஷம் கழிச்சுச் செக் பண்ணித் திரும்பவும் கொடுக்கணுமான்னு பாருங்க. அம்மா, அப்பா, நீங்க, மூணு பேர் பாக்கெட்லயும் குளுக்கோஸ் இருக்கட்டும். நடை அதிகமான நாளுக்கு மாத்திரை டோஸைக் குறைக்கணுமான்னு அவங்க டாக்டர்கிட்ட முன்கூட்டியே எழுதி வாங்குங்க, நானா இங்க டோஸ் சொல்ல மாட்டேன்.

இன்சுலின் எப்பவும் கைப்பையில, விமானத்துல லக்கேஜ்ல போட்டா உறைஞ்சு வீணாகும். திறந்த பேனாவை அக்டோபர் குளிர்ல ஃபிரிட்ஜ் இல்லாமலே வெச்சுக்கலாம், பெரும்பாலான வகை 28 நாள் தாங்கும். மருந்தோட பிராண்ட் பேர் இத்தாலியில யாருக்கும் புரியாது, மூலப்பொருள் பேரோட டாக்டர் கடிதம் வேணும்.

இன்சூரன்ஸை உடனே சரி பண்ணுங்க

ஷெங்கன் விசாவுக்கு குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ் கேப்பாங்க, அந்தப் பாலிசி இத்தாலியிலும் செல்லும், அது வரைக்கும் சரி. ஆனா ஏஜென்ட் "சுகர் பத்தி எல்லாம் போட வேணாம், பிரீமியம் ஏறும்"னு சொன்னதா எழுதியிருக்கீங்களே, அது தப்பான ஆலோசனை. ஏற்கனவே இருக்கிற நோயை மறைச்சா நாளைக்கு மாரடைப்போ சுகர் பிரச்சனையோ வந்து அட்மிட் ஆனா கிளெய்மை நிராகரிக்க நீங்களே காரணம் கொடுத்த மாதிரி ஆயிடும். அம்மா கிளம்புறதுக்கு முன்னாடி சுகர், பிரஷர், முட்டி மூணையும் சொல்லி பாலிசியைத் திருத்துங்க, இல்ல வேற எடுங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்கு உயிர் ஆபத்துன்னா மட்டும்தான் கொடுப்பாங்களா, எவ்வளவு வரைக்கும்னு அந்தப் பக்கத்தைப் படிங்க. அவசர உதவி நம்பர் உங்க போன்லயும் அப்பா போன்லயும் இருக்கணும், அட்மிட் ஆனா உடனே அவங்களுக்குச் சொல்லணும்னு நிறைய பாலிசியில நிபந்தனை இருக்கு.

வெனிஸ்ல அவசரம்னா 112. ஆம்புலன்ஸ் படகுலதான் வரும். சான்தி ஜொவான்னி ஏ பாவ்லோங்கிற பெரிய ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே இருக்கு, அதுக்கு நேரா தண்ணி வழி உண்டு, அதனால தீவுல மாட்டிக்குவோமோங்கிற பயம் வேணாம்.

நுழைவுக் கட்டணம் பத்தி உங்க கவலை தேவையில்லாதது. 2024ல ஆரம்பிச்ச அந்தக் கட்டணம் பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு, வசந்த காலத்துலயும் கோடை ஆரம்பத்துலயும் குறிப்பிட்ட நாள்ல மட்டும் வாங்கினது. ராத்திரி தங்குறவங்களுக்கு விலக்கு உண்டு. ஓட்டல்ல தலைக்கு இவ்வளவுன்னு டூரிஸ்ட் வரி வாங்குவாங்க, அது வேற.

கிளம்புற வாரத்துல அம்மாவுக்குப் பாதத்துல புண், காய்ச்சல், முட்டி சூடா வீங்கியிருக்கிறது, சுகர் தொடர்ந்து 300க்கு மேல, நடந்தா நெஞ்சு இறுக்கம் இல்ல மூச்சு வாங்குறது, இதுல எது இருந்தாலும் ட்ரிப்பைத் தள்ளிப் போட்டு டாக்டரைப் பாருங்க, அதுக்காகத்தான் ரூமும் டிக்கெட்டும் கேன்சல் பண்ற மாதிரி எடுக்கணும். இது எதுவும் இல்லைன்னா தயங்காம கூட்டிட்டுப் போங்க. அப்பாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அவர் முன்னாடி வேகமா போனா அம்மா வலியை அடக்கிட்டு எட்டிப் பிடிக்கப் பார்ப்பாங்க, அங்க இருக்கிற மூணு நாளும் அம்மா முன்னாடி, அவர் பின்னாடி. கிரியாட்டினின் ரிசல்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, மெட்ஃபார்மின்லயோ வலி மாத்திரையிலயோ மாத்த வேண்டியது இருந்தா அவங்க டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு சொல்றேன்.